கதிரை கிறீச்சிட்ட பாட்டு

அக்கா,

இன்று காலை ரூ காய் தெருவில் நம் சேலைக் கடையைத் திறந்தபோது, பெட்டியிலிருந்து இறக்கிய புதுச் சேலைகளின் கஞ்சி மணம் வந்தது. நீங்கள் பின்னறையில் இருப்பது போலவே இருந்தது. உங்கள் தையல் மெஷினில் இப்போது நான் இருக்கிறேன்.

பள்ளியை விட்டுவிட்டு இங்கே வந்த புதிதில் நான் யாரோடும் பேசுவதில்லை. உங்கள் மெஷின் ஓடும்போது மட்டும் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடுவேன். ஒருநாள் நூல் அறுந்து மெஷின் நின்றது. என் குரல் நிற்கவில்லை.

"அடி கள்ளி, இவ்வளவு நாளும் மெஷின்தான் பாடுது எண்டு நினைச்சன்" என்றீர்கள்.

அன்றுதான் அந்த லண்டன் இசைக்குழுவின் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் அங்கே பள்ளிக்குப் போன காலத்தில், ஊரெல்லாம் பையன்கள் கிட்டாரோடு திரிந்த காலத்தில் வந்த அவர்களின் முதல் சிங்கிள் பாட்டு அது. பாடுகிறவனுக்கு ஆட்களைக் கண்டால் தொண்டை அடைத்துவிடுமாம். ஸ்டூடியோவில் விளக்கை அணைத்து, மற்றவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தார்களாம். அவன் ஒரேயொரு முறை பாடினானாம். யாரோ அசைந்ததில் அவர் இருந்த கதிரை கிறீச்சிட்ட சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை நீக்க வேண்டுமென்றால் அவனைத் திரும்பவும் பாடச் சொல்ல வேண்டும். கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"நீங்கள் அங்கை நிண்டனீங்களோ?"

"இல்லையடி, பேப்பரில வாசிச்சது. கதைக்காமல் கேளன், கதிரைச் சத்தம் இப்ப வரும்."

ஆளுக்கொரு இயர்போனைக் காதில் வைத்துக் காத்திருந்தோம். வெளியே பாலத்தில் மெட்ரோ போனது. பாட்டுக்குள்ளேயே போவது போல இருந்தது.

நீங்கள் எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாள் சடங்கு, நகருக்கு வெளியே சென் தெனியில், வாடகை மண்டபத்தில் நடந்தது. படையல் வைத்தபின் தேவாரம் பாட வேண்டும். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒருத்தருக்கும் பாடமில்லையோ? அப்ப போனில போடுவம்" என்று அத்தான் போனை எடுத்தார்.

உங்களுக்காக ஒரு போன் பாடுவதா?

"நான் பாடுறன்" என்றேன். அத்தானுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அங்கே யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. எல்லாக் கண்களும் என்மேல்தான். இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. முதலிலிருந்து தொடங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தொடங்கவில்லை. உடைந்த குரலோடே பாடி முடித்தேன்.

நேற்று சேலை பார்க்க வந்த ஒரு பெண் பின்னறைத் திரையை விலக்கி, "ஆர் பிள்ளை பாடினது?" என்று கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

"நான்தான், அன்ரி."

அவர் கையில் விரித்த சேலையோடு அங்கேயே நின்றார். நான் மிச்சத்தையும் பாடினேன்.