தங்கையின் வாசல்

நவம்பர் 12, செவ்வாய்.

ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் திட்டத்தால் பெயரெடுத்து, இப்போது அரசியலிலும் குதித்துவிட்ட பொருளியல் பேராசிரியர் இன்று ஒஸ்லோவில் பேசினார். ஏழைப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பதுதான் அவருடைய திட்டத்தின் அழகாம். மண்டபமே எழுந்து கைதட்டியது. நான் எழவில்லை.

“எழும்புமப்பா, சனம் பாக்குது” என்றார் பக்கத்திலிருந்த என் கணவர்.

மட்டக்களப்பில் என் தங்கையும் அதே முறையில்தான் கடன் எடுத்தாள். அவள் தவணை தவறிய அன்று, பிணை நின்ற நான்கு பெண்களையும் வசூலுக்கு வந்தவர்கள் அவள் வாசலில் இருட்டும்வரை உட்கார வைத்தார்கள். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டுச் சோதி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. இன்றுவரை பேச்சில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் இவர் கேட்டார்: “அதுக்கு அந்த மனுசன் என்ன செய்யிறது?”

“ஒருநாள் வந்து அந்த வாசலிலை குந்தட்டும். பிறகு நான் எழும்பிக் கைதட்டுறன்.”