கீழ்த்தளத்து எலிகள்

கயல் விண்கலம். நடுத்தளப் படக்கூடம்.
பதிவு செய்பவர்: செண்பகவடிவு, இயந்திரப் பராமரிப்பு.

செவ்வாய், காலை 8:05

வழக்கமான பதிவு. பட இயந்திரம் நலம். கீழ்த்தளக் கேமராக்கள் ஓடுகின்றன. அங்கே வேர்த்து விறுவிறுத்து உழைப்பவர்களைப் பார்த்தால் மேல்தளத்தாருக்கு மனசு சங்கடப்படுகிறதாம். அதனால் சபை ஒரு சட்டம் போட்டது. கேமராவில் விழும் ஆட்களையெல்லாம் இயந்திரம் எலியாக வரைந்து, பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டைச் சேர்த்து மேலே அனுப்புகிறது. நாள் முழுக்க அனிமேஷன் படம், ஏக வரவேற்பு. கீழே இருப்பவர்களுக்கு இது தெரியாது. துடைப்பதும் எண்ணெய் போடுவதும் என் வேலை. நிறுத்தும் பொத்தான் சபையிடம் இருக்கிறது.

காலை 11:20

பம்பு மெக்கானிக் இசக்கியம்மாள் கீழிருந்து இன்டர்காமில் அழைத்தாள்: “யக்கா, காத்து வரல. வால்வு மூடிக்கிட்டு. மேல இருந்துதான் தொறக்க முடியும். சொல்லிருதியா?”

கீழே நானூறு பேர். அவள் மகளும் அங்கேதான்.

காலை 11:35

சபைச் செயலர் ஞானப்பிரகாசத்தை இன்டர்காமில் அழைத்துச் சொன்னேன். “என்னம்மா நீங்க, நானும் திரையத்தான் பார்த்துட்டிருக்கேன். ஜோரா ஆடிட்டிருக்காங்க. சபை கூடாம வால்வைத் தொட முடியாது. கிளப்பிவிடாதீங்க.”

ஆடவில்லை ஐயா, மூச்சுக்குத் துடிக்கிறார்கள். அந்தப் பாழாய்ப்போன இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பகல் 12:10

மேல்தளக் கதவு என் அட்டைக்குத் திறக்காது. தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. உள்ளே பாட்டுச் சத்தம். திரும்பி வந்து இயந்திரத்தைச் சுத்தியலால் அடித்தேன். மின்கம்பி இரும்புச் சுவருக்குள் இருக்கிறது. உறைகூட நசுங்கவில்லை.

பகல் 12:40

இசக்கி: “பிள்ளையள கேமரா முன்னால நிறுத்திருக்கோம்க்கா. மொகத்தப் பாத்தா எரக்கம் வராதா?”

திரையைப் பார்த்தேன். குட்டி எலிகள் வரிசையாக நின்று கையசைத்தன. அவளிடம் எப்படிச் சொல்வேன்? “பாத்துக்கிட்டுதான் இருக்காங்க தாயி” என்றேன்.

பகல் 1:15

இயந்திரத்தின் சோதனைக் கேமரா முன்னால் நானே நின்றேன். அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்தேன்: கீழே காற்றில்லை, வால்வைத் திறவுங்கள். திரையில் கண்ணாடி போட்ட எலி ஒன்று வந்தது. அதன் கையில் இருந்த அட்டை: ‘வாங்க, ஆடலாம்!’

செயலர் அழைத்தார். “புது எலி பிரமாதம்மா! பசங்க இன்னொரு தரம் கேக்குறாங்க.”

அது நான்தான் என்று கதறினேன். சிரித்தார்.

பகல் 2

இசக்கி பதில் பேசவில்லை. இன்டர்காமில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். கீழே எதுவும் அசையவில்லை. அசையாதவர்களுக்கும் இயந்திரத்திடம் ஒரு காட்சி இருக்கிறது. எலிகளுக்குப் போர்வை போர்த்தி, தாலாட்டுப் போடுகிறது.

மேல்தளத்தில் ஆட்டம்பாட்டச் சத்தம் நின்றது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கதவுக்கு ஓடினேன். இப்போதாவது திறப்பார்கள் என்று இரண்டு கையாலும் அடித்தேன்.

செயலர் அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“கதவைத் தட்டாதீங்கம்மா. எலிங்க எல்லாம் தூங்குதுங்க.”