உன் வண்டிக்குப் புது பிரேக் போட்டாச்சும்மா

என் பிரியமான அம்மாவுக்கு,

உன் வண்டியில் கை வைத்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீயாகக் கண்டுபிடித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். சீட்டை நகர்த்தவில்லை, நமக்கு ஒரே உயரம்தானே. கண்ணாடியில் தொங்கும் உன் பாசிமாலையைக் கழற்றவில்லை. ஆனால் முன் சக்கரம் இரண்டிலும் இருந்த பிரேக்கை மொத்தமாக மாற்றியாயிற்று. அதற்காகச் சக்கரங்களையே மாற்ற வேண்டி வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் உன் வெள்ளைக் கார் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

"ஓடற வண்டிய எதுக்கு அம்மிணி நோண்டற?" என்றுதான் நீ கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன். அப்பாவுக்காக.

அப்பாவின் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, மாதம் ஒரு ஊசி போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், விட்டால் அதுவும் போய்விடும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவள் நீ. மாதா மாதம் கூட்டிப் போனவளும் நீ. கோத்தகிரி இறக்கம் முழுக்க நீ ஓட்டுவாய். அவர் இடப்பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதிப்பார். குதிகால் பட்டுப் பட்டு அங்கே போட்டிருந்த கால்மிதியில் ஓட்டையே விழுந்துவிட்டது. "ஏனுங்க, நீங்க அங்க மிதிச்சாத்தானுங்க இங்க வண்டி நிக்குது" என்பாய். அவர் அடுத்த வளைவில் மறுபடியும் மிதிப்பார். பின்சீட்டில் நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

நீ போன பிறகு கார் இரண்டு மாதம் மழையிலேயே நின்றது, அப்பாவின் ஊசியும் நின்றது. டிக்கி ஓரத்தில் பாசி பிடித்துவிட்டது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. டிகிரி வாங்கின பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகக் கூடாது என்று எனக்கு நீ லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தாய். அதனால் நான்தான் எடுத்தேன். நீ கீழே கிளினிக்குக்கு வேலைக்குப் போன அதே நேரத்தில் இப்போது நான் மேட்டுப்பாளையத்தில் வேலை பார்க்கிற கல்லூரி ஆபீசுக்கு இறங்குகிறேன். நீ ஓட்டின மாதிரியேதான் ஓட்டினேன். வேறு யாரைப் பார்த்தேன் நான்?

ஊசி நாள் வந்ததும் அப்பாவை நானே கூட்டிப் போனேன். அன்றைக்கு நடந்ததை நீ கேட்க வேண்டும்.

பாதி இறக்கத்தில் கருகின வாசம் வந்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. பெடல் என் பாதத்துக்கு அடியில் துடித்தது, கொஞ்சம் தாழவும் தாழ்ந்தது. தண்ணீர்க் குழாய் வளைவில், நீ எப்போதும் நிறுத்திச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், ஓரங்கட்டினேன். கதவில் நீ செருகி வைத்திருந்த பாட்டிலை எடுத்தேன். குழாயில் பிடித்து, குனிந்து, முன் சக்கரத்தில் ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி வந்தது. "சூடு எறங்கட்டும்" என்று சொன்னேன். உன் வார்த்தை, என் வாயில் தானாக வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் அப்பா ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ வேலைக்குப் போ கண்ணு. நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்றார். ரோட்டைத் தாண்டி நின்று கைகாட்டினார். ஆனால் அவர் ஏறினது மேலே போகிற பஸ். வீட்டுக்குத்தான் போனார், ஆஸ்பத்திரிக்கு இல்லை.

அந்த மாதமும் ஊசி இல்லை. அடுத்த மாதமும் இல்லை. கேட்டால், வேலை பார்க்கிற ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை என்பார், தலை வலி என்பார். காலையில் டீ ஊற்றும்போது டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து ஊற்ற ஆரம்பித்தார். பேப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடிக்க ஆரம்பித்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் மடித்து வைத்துவிடுவார்.

பயம் என்று நினைத்தேன். சக்கரம் புகைகிற வண்டியில் யார்தான் ஏறுவார்கள்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அம்மா. ஆபீஸில் பத்து வவுச்சர் பதிந்துவிட்டு எழுந்து போய் வண்டியைப் பார்ப்பேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவேன், காய்ச்சலா என்று நீ நெற்றியில் வைத்துப் பார்ப்பாயே, அந்த மாதிரி. பியூன் அண்ணன் ஒரு நாள் கேட்டார், மேடம் வண்டிக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்று.

நீ வழக்கமாக விடுகிற ரஃபி அண்ணன் ஒர்க் ஷாப்புக்கே கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த பிரேக் வட்டை, டிஸ்க்கைக் காட்டினார். நீலம் பூத்து, அலை அலையாக இருந்தது. தண்ணி ஊத்தினீங்களா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "மலையில ஒருத்தர் பாக்கியில்லாம ஊத்தறீங்க. கொதிக்கற இரும்புல பச்சத் தண்ணிய ஊத்துனா அது கோணாம என்ன பண்ணும்?" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிளினிக்குக்கு முன்னால் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அத்தனை வருஷம் காய்ச்சல் பிள்ளைகளுக்கு ஈரத்துணி போட்ட கை உன்னுடையது. சூடாக இருக்கிற எதைக் கண்டாலும் அது தண்ணீரைத்தான் தேடும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஸ்டியரிங் நடுங்குவது உனக்குத் தெரிந்ததா? பின்சீட்டிலிருந்து ஒரு தடவை ஏம்மா ஆடுது என்று கேட்டபோது ரோடு சரியில்லை என்றாய். அதை நீயே நம்பினாயா? இல்லை, நான் பயப்படக் கூடாது என்று சொன்னாயா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வா என்று மலை முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். நீ மூன்றாவதில், பேசிக்கொண்டே, காலைப் பிரேக்கிலேயே வைத்தபடி இறங்குவாய். கிளினிக் திறக்க நேரமாகிவிடும் என்பாய். பிரேக் கொதித்ததே அதனால்தானாம். நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

பழைய அளவிலேயே புது டிஸ்க் போட்டால் போதும் என்றார் ரஃபி அண்ணன். எனக்குப் போதவில்லை. இரண்டு வாரமாகப் போனில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இதே காரில் பெரிய இன்ஜின் வைத்த மாடல் ஒன்று உண்டு. அதன் முன் டிஸ்க் அகலம், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் பெரிது, உன் வண்டியில் அப்படியே பொருந்தும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன்.

"ஏனுங்க மேடம், ரேஸுக்குப் போறீங்களா? இல்ல, கேட்டுக்கறேன்."

"எங்கப்பா வண்டியில ஏறணும்ங்க" என்றேன்.

"அவரு எத்தன கிலோ இருப்பாருங்க?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சரி போடலாம் என்றார்.

பெரிய டிஸ்க் பழைய சக்கரத்துக்குள் அடங்கவில்லை. ஒரு இன்ச் பெரிய சக்கரம் வேண்டும் என்று உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி நான்கு எடுத்து வந்தார். டிஸ்க்கில் உரசுகிற பேடு புதிது. எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் புதிது. பின் சக்கரத்து டிரம்முக்கும் புது லைனிங். பழைய பிரேக் ஆயிலை வடித்தபோது கருப்பட்டிக் காபி நிறத்தில் வந்தது. எப்போது மாற்றினது என்று கேட்டார். அதுவும் உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்து வண்டியை எடுத்து வந்த மறுநாள், ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது திடுக்கென்றது. டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி பழைய சின்னச் சக்கரம்தானே? வழியில் முன் டயர் பஞ்சரானால் அது புது பிரேக்கின் மேல் ஏறவே ஏறாதே? போனில் யாரிடமும் பேசப் பிடிக்காத நான், சொல்ல வேண்டியதைப் பேப்பரில் எழுதிவைத்துக்கொள்ளாமல், நேராக ரஃபி அண்ணனைக் கூப்பிட்டேன். "அட ஆமாங்க" என்றார். ஐந்தாவது சக்கரமும் வந்தது. நீ இருந்திருந்தால் இதைக் கிளினிக்கில் எல்லோரிடமும் சொல்லியிருப்பாய், இல்லையா? என் பொண்ணு மெக்கானிக்குக்கே சொல்லிக் குடுத்துட்டா என்று. நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

புது பேடை உடனே மலையில் இறக்கக் கூடாதாம், சமதரையில் பழக்க வேண்டுமாம். பழக்கறதுக்கு இதென்ன கன்னுக்குட்டியா என்று அதற்கும் ரஃபி அண்ணன் சிரித்தார். வேலை முடிந்து காரமடை ரோட்டில் போய் வேகமெடுப்பதும் மெதுவாக மிதித்துக் குறைப்பதுமாக இருந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். இரண்டாவது கியரில் இறங்கவும் பழகினேன். இன்ஜின் உறுமுகிறது, வண்டி தானாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு, எதையோ உடைத்துவிட்டேன் என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது? வண்டியை வந்து பாருங்க என்று மட்டும் சொன்னேன். வந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். சக்கரத்தைத் தடவினார். பெரிதாக இருக்கிறதே என்றார். பிரேக் பெரிதாகப் போட்டிருக்கிறது என்றேன். மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது ஃபைலோடு இடப்பக்கக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

முதல் வளைவிலேயே அவர் கால் மிதித்தது. என் காலும் மிதித்தது. பெடல் கல் மாதிரி உறுதியாக இருந்தது, நடுக்கம் இல்லை. அடுத்த வளைவில் மறுபடியும் மிதித்தார். இவ்வளவு செய்தும் பயம் போகவில்லையே, பாதியில் இறங்கிவிடுவாரோ, மேலே போகிற பஸ் ஏதாவது எதிரில் வருகிறதா என்று ரோட்டைவிட அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தண்ணீர்க் குழாய் வளைவு வந்தது. நான் நிறுத்தவில்லை.

"தண்ணி ஊத்தலையா?" என்றார்.

"வேண்டாங்கப்பா. சூட்டுல ஊத்தக்கூடாதுங்களாம்."

கொஞ்ச தூரம் வண்டி இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பேசினார்.

"அன்னைக்கு நீ பாட்டில எடுத்துக்கிட்டு எறங்குன பாரு. அப்பறம் குனிஞ்சு, சூடு எறங்கட்டும்னு சொன்ன. கண்ணு வேற மங்கல். எனக்கு நீயின்னு தெரியல கண்ணு. உங்கம்மாளாட்டவே இருந்துச்சு. அதுக்கு மேல என்னால அதுல ஒக்கார முடியல."

நான் பிரேக்கை மாற்றியிருக்கிறேன், அம்மா. டிஸ்க், காலிப்பர், ஆயில், ஹோஸ், ஐந்து சக்கரம். அவர் பிரேக்குக்குப் பயந்து இறங்கவே இல்லை. என் கண்ணும் மங்கியது. அதனால் இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த வளைவில் மறுபடியும் கால் மிதித்தது. நீ சொல்கிற வரி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அது உன்னுடையது.

"அப்பா, இப்ப நீங்க மிதிக்காட்டியும் நிக்கும்ங்க" என்றேன்.

"தெரியுது கண்ணு" என்றார். "நான் சும்மா காலை நீட்டிக்கறேன்." கால்மிதி ஓட்டையில் குதிகாலை வைத்து, நான் பார்க்கும்படி, ஒரு தடவை வேண்டுமென்றே அழுத்தினார்.

ஊசி போட்டாயிற்று. விட்ட மாதங்களில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இருப்பது எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லைதான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினதும் புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். காய்ச்சல் இல்லை.

அடுத்த மாதமும் கூட்டிப் போவேன். அதற்கடுத்த மாதமும். இரண்டாவது கியரில், பேசிக்கொண்டே. பேச நான் இன்னும் பழக வேண்டும், பழகிக்கொள்கிறேன். உன் பாட்டில் கதவிலேயே இருக்கும், குடிக்கிற தண்ணீரோடு. அந்தக் கால்மிதியை மட்டும் யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

உன் இருக்கையில், உன் உயரத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் மகள்
சுகந்தி