போ போ என்று சொன்ன வாத்து

கார்லோவாட்ஸ்
நவம்பர் 27

அன்புள்ள மகள் லிதியாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி போன குளிர்காலத்துக்கு இப்போது தேவலை. ஸ்டாங்கோ மாமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, சமையலறைக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாகிவிட்டது, நாய்கூட நலம். உன் அண்ணன் திஹோவைப் பற்றி இந்த வரியிலேயே எழுதி முடிக்க முடியாது, அதற்குத்தான் மீதிக் கடிதம். நீயும் டப்ளினில் நலமாகத்தான் இருப்பாய், பரிசு வாங்கினவளுக்கு என்ன குறை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ நடுவில் நுழைவாய், பிறகு அழுவாய், கடைசியில் நான் உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. போன வாரம் நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். "அண்ணன் ஏம்மா போனையே எடுக்க மாட்டேங்கிறான், வாத்து காஷ்பரை வச்சு இன்னொரு குறும்படம் பண்ணச் சொல்லியிருக்காங்க, அண்ணன் குரல் இன்னும் கொஞ்சம் வேணும், சாப்பிடும்போது பேச்சுக் குடுத்து நீயே போன்ல பதிவு பண்ணி அனுப்பும்மா, அவனுக்குத் தெரியாம இருந்தாத்தான் இயல்பா வரும்" என்று எழுதியிருக்கிறாய். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அவ்வளவு நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில்தான் இது, முழுவதும் படி.

ஆற்றங்கரை மில்லில் வாழும் குடும்பத்தைப் பற்றிய அந்தப் பெரிய கார்ட்டூன் படம் இரண்டு வருஷம் முன்னால் இங்கே ஓடியபோது நான் தியேட்டர் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து கை வலிக்க வலிக்கக் கிழித்துக் கொடுத்தேன். அதில் மூன்றே மூன்று தடவை வாயைத் திறக்கும் அந்த வெள்ளை வாத்து காஷ்பரை இந்த ஊர்க் குழந்தைகள் பையிலும் தொப்பியிலும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதற்கென்று தனியாக ஏழு நிமிஷப் படம், அதையும் என் மகளே எடுக்கிறாள் என்று நீ சொன்ன அன்று நான் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அண்ணன் என்னைவிட அதிகமாகச் சொன்னான். அவன் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையில் ஒரு கீல் வாங்க வந்தவர்கள்கூட "எ... எ... என் தங்கச்சி படம்" என்பதை அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அக்டோபரில், பெரிய படத்துக்கு முன்னால் உன் ஏழு நிமிஷத்தைப் போட்டார்கள். முதல் காட்சிக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். விளக்கு அணைந்தது, ஆறு வந்தது, தண்ணீரெல்லாம் மிக அழகாக வரைந்திருந்தாய். பிறகு காஷ்பர் வாயைத் திறந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கழுத்து முன்னால் நீளுவதும், வலது கண் மட்டும் இறுக மூடிக்கொள்வதும், தொடையில் விரல் தட்டுகிற மாதிரி இறக்கையால் தட்டிக்கொள்வதும், எல்லாம் அண்ணன்தான். குரலும் அவனேதான். போன வருஷக் கோடையில் ஆற்றங்கரையில் அவனை உட்கார வைத்து, ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறேன், உன் குரல் ஞாபகத்துக்கு வேண்டும் என்று போனை நீட்டினாயே, அந்தக் குரல். வாத்துக் கூட்டம் கிளம்புகிறது, பெண் வாத்து திரும்பிப் பார்க்கிறது, காஷ்பர் "போகாதே" என்று சொல்ல வருகிறது, "போ... போ... போ" என்பதோடு நின்றுவிடுகிறது, பெண் வாத்தும் "சரி, போறேன்" என்று பறந்துபோகிறது. அரங்கமே குலுங்கிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் பெருமைப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். சிரிக்க வைப்பது லேசான வேலை இல்லை என்று நினைத்தேன்.

அவன் ஆசைப்பட்ட துப்ராவ்கா ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் அவனுக்கு நடந்ததை அவன் உன் ஒருத்தியிடம்தான் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஆறு வயசில், வாக்கியத்தை முடித்தால்தான் ரொட்டி என்று மேசையில் உட்கார வைத்தவள் நான், என்னிடம் எப்படிச் சொல்லுவான். உன்னிடம் சொன்னான், எவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னானோ. அதை நீ ஏழு நிமிஷமாகச் சுருக்கிவிட்டாய். அதோடும் நிற்கவில்லை. பரிசு வாங்கினதும் பத்திரிகைக்காரனிடம் "என் அண்ணன்தான் காஷ்பர், அவனுடைய திக்கலை நான் நேசிக்கிறேன்" என்றாய். அந்தப் பக்கத்தை வெட்டி டிக்கெட் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியது யார் தெரியுமா, நான்தான். படிக்காமல் ஒட்டினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். படித்துவிட்டுத்தான் ஒட்டினேன், உன் போட்டோ அதில் நன்றாக விழுந்திருந்தது.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கடைக்குள் வந்து "பூட்டு வேணும் அங்கிள், பூட்டுன்னு சொல்லுங்க அங்கிள்" என்பார்கள். அவன் ப-வில் மாட்டிக்கொண்டதும் "போ போ போ" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அதுவரை அவன் படத்தைப் பார்த்திருக்கவில்லை. தங்கச்சியின் படத்தில் வரும் ஏதோ வேடிக்கை வசனம் என்று நினைத்துக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் வாங்கி வைத்திருந்தான், அந்தப் பிள்ளைகளுக்காக. நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் போய்விட்டது.

சொன்னது துப்ராவ்கா. அவள் இப்போது ஓசியெக்கில் இருக்கிறாள், கட்டிக்கொடுத்து ஒரு பெண் குழந்தையும் ஆகிவிட்டது. விடுமுறைக்கு வந்தவள் குழந்தையைப் படத்துக்குக் கூட்டி வந்தாள், என்னிடம்தான் டிக்கெட் வாங்கினாள். மறுநாள் காலையில் நேராகக் கடைக்குப் போயிருக்கிறாள். கடை முதலாளி பக்கத்தில் நின்று கேட்டதை அப்படியே எனக்குச் சொன்னார். "திஹோ, தப்பா நினைக்காத, ஒண்ணு கேக்கணும், அன்னைக்கு பஸ் ஏறும்போது நீ என்கிட்ட போ போன்னு சொன்னியே, அது போகாதேன்னு சொல்ல வந்ததா?" என்று கேட்டாளாம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் உன் படத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லியிருக்கிறாள், வாத்து கழுத்தை நீட்டுவதை நீட்டியே காட்டியிருக்கிறாள். கேட்டு முடித்துவிட்டு அவன் "இல்லை" என்றிருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அவளும் பொறுமையாக நின்றாளாம். அவன் முடித்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "அப்பாடா, ராத்திரியெல்லாம் எனக்கு என்னவோபோல இருந்துச்சு, நல்லவேளை" என்று சிரித்தாளாம். போகும்போது குளியலறைக்கு இரண்டு கொக்கி வாங்கிக்கொண்டு போனாளாம்.

அன்று மத்தியானம் அவன் தியேட்டருக்கு வந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் ஒட்டியிருந்த காகிதத்தை முழுக்கப் படித்தான். பிறகு ஒரு விரலைக் காட்டினான். நான் டிக்கெட்டைக் கொடுத்தேன். தாய் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "உள்ள போகாதடா" என்றிருக்கலாம், பின்னால் ஒரு பாலர் பள்ளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தது, நான் டிக்கெட் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தைகள் சிரிப்பது எனக்குக் கேட்டது, எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். ஏழு நிமிஷம் முடிந்ததும் அவன் மட்டும் வெளியே வந்தான். உன்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ந... நல்லா வ... வரைஞ்சிருக்கா" என்றான். அவ்வளவுதான். கடைக்குத் திரும்பிப் போய்விட்டான். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் உனக்கு இதுவரை எழுதாமல் வைத்திருந்தேன்.

அந்த வாரமே புனித மார்ட்டின் நாள் வந்தது. வழக்கம்போல வாத்து வறுத்தேன், அடியில் இறங்கிய கொழுப்பில் காய்ந்த ரொட்டித் துண்டுகளை ஊறப்போட்டேன், ஸ்டாங்கோ மாமா புது ஒயினோடு மாமியையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். இரண்டு கோப்பை உள்ளே போனதும் மாமா ஆரம்பித்தார். தட்டிலிருந்து வாத்தின் கழுத்தை எடுத்து அண்ணன் முகத்துக்கு நேராக ஆட்டி, "டேய் மருமகனே, உன் சொந்தக்காரனை வெட்டறோம், கடைசியா ஏதாவது சொல்லணுமான்னு கேளுடா" என்றார். பிறகு கழுத்தை நீட்டி வலது கண்ணை மூடிக்கொண்டு "போ போ போ" என்று செய்து காட்டினார். மாமி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், லிதியா. மனுஷன் அச்சாக அப்படியே செய்தார், வாயை மூடுவதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அண்ணன் மாமாவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தான். முள்கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். மாமா பின்னாலேயே, "அட என்னடா, உன் தங்கச்சி பண்ணினா கலை, நான் பண்ணினா குத்தமா?" என்று கத்தினார். குடித்துவிட்டுப் பேசினாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நீ படித்தவள், உனக்குத் தெரிந்தால் எழுது.

அதோடு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டில் தலையை ஆட்டுவான், கடையில் சீட்டில் எழுதிக் காட்டுவான். முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அவனைப் பின்னால் கிடங்குக்கு மாற்றினார். போன வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அலமாரி பாதி காலியாக இருந்தது. மேசையில் ஒரு காகிதம் இருந்தது. அவன் எழுத்தை நீ பார்த்திருக்கிறாய், அச்சடித்ததுபோல இருக்கும், எங்கேயும் தடுக்காது. மலைமேல் மரம் அறுக்கும் மில்லில் வேலை கிடைத்திருக்கிறதாம். இயந்திர இரைச்சலுக்கு எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு கையால்தான் பேசிக்கொள்வார்களாம், அது தனக்குச் சரிப்படுமாம். லிதியாவிடம் விலாசம் தராதே, பதிவு செய்ததையெல்லாம் அழிக்கச் சொல், உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா, இவ்வளவுதான் இருந்தது. தங்கச்சி என்று எழுதவில்லை, லிதியா என்று எழுதியிருந்தான்.

ஆகவே உன் இரண்டாவது படத்துக்குக் குரல் கிடையாது. இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நீ கேட்ட அன்று சாயங்காலம் போனைத் திருப்பி மேசைமேல் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை, அதனால் என்ன செய்திருப்பேன் என்று பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வரவில்லை. நீ வானத்திலிருந்து குதிக்கவில்லை, என் வயிற்றில்தான் பிறந்தாய். கிறிஸ்துமஸுக்கு வராதே. வந்தால் ஊர் உன் கையைக் குலுக்கும், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிடுவார்கள், நீ போவாய், காஷ்பர் எப்படிப் பிறந்தது என்று சொல்லுவாய், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன். அதை என்னால் தாங்க முடியாது, நான் கைதட்டுவதைத்தான் சொல்கிறேன்.

அங்கே ஈரக்காற்று என்கிறார்கள், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கண்ணுக்கு மருந்து விட மறக்காதே. உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும், அவை கெட்டிக்காரக் கைகள். பதிவுகளை அழித்துவிட்டேன் என்று ஒரே வரி எழுதிப் போடு, வேறு எதுவும் எழுத வேண்டாம். நேற்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து சூப் குடித்தேன். முப்பத்தைந்து வருஷமாக எதிரில் ஒருவன் பேசி முடிக்கட்டும் என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்து, எனக்குச் சூப் ஆறித்தான் வாய்க்குள் போயிருக்கிறது. நேற்று சுடச்சுடக் குடித்தேன். நன்றாக இருந்தது, மகளே. அதை நினைத்துத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன் அம்மா,
நெவென்கா