முழங்கை உயரத்து அடுப்பு

நேற்று மழை விட்டதும் வேனின் பின்கதவைத் திறந்தேன். ஒரு மாதமாக மூடிக் கிடந்த வண்டி. மண்ணெண்ணெய் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் வறுத்த கொத்தமல்லி வாடையும் கொஞ்சம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது, அது இன்னும் அந்தப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்க நியாயமில்லை. ஆனால் இருந்தது. நான் கத்துவேன், சாமானைத் தூக்கி எறிவேன், பொய் மட்டும் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

லாரிக்குப் பாடி கட்டுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. "பேசினா சண்டைக்கு வாரிய, எழுதினா ஒழுங்கா இருக்கிய" என்று சொன்னவள் நீதான். அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை டாக்டர் உன் காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது, திரும்பி எழும்பவில்லை. சிறுநீரகம் பழுது என்றார். உப்பு ஒரு கல் கூடச் சேர்க்கக் கூடாது, காய்ச்சின தண்ணீர்தான், நேரம் தவறாமல் சாப்பாடு. ஊரைச் சுற்றி உப்பளம் வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது, அதற்கு நடுவில் உப்பில்லாமல் பிழைக்கச் சொன்னார். நான் டாக்டரிடமே சண்டைக்குப் போனேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாய்.

திரும்பி வரும் பஸ்ஸில், தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டியபோது சொன்னாய். "அப்போ கோதாவரி அவ்வளவுதான்."

அடுத்த லீவுக்கு ரயிலில் போவதாக இருந்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் கோதாவரியை வரைந்து, நாசிக்கில் பிறந்து ராஜமுந்திரி தாண்டிக் கடலில் விழுகிறது என்று சொல்லிக்கொடுத்த பூகோள டீச்சர், மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆற்றைக்கூடப் பார்த்தது கிடையாது. உப்பில்லாத சோற்றை எந்த ஓட்டலில் போடுவான்? "விடுங்க. மேப்புல பாத்தது போதும்" என்றாய். கத்தரிக்காய்க்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த நிதானம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

அந்த வாரமே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரைச் சாலையில் வேனை நிறுத்தியிருந்தார்கள். கன்னியாகுமரி போகிறவர்கள். நான் வெட்கமே இல்லாமல் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். உள்ளே அடுப்பு, பக்கத்தில் சிங்க், எதிரே படுக்கை. அந்த அம்மாள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு நீட்டினாள், சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கண்ணால் அளவெடுத்துவிட்டேன்.

ஏலத்தில் பழைய ஆம்புலன்ஸ் வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். "சாகப்போறவங்களை ஏத்தின வண்டியா?" என்றாய். பிழைத்தவர்களும் அதில்தான் வந்தார்கள் என்று பதில் சொன்னேன். நல்ல பதில் அது. இப்போதும் அதில் எனக்குப் பெருமைதான்.

அடுப்புக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கேஸ் வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உன் காலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. திரி ஸ்டவ் பாத்திரத்தைக் கரியாக்கும், மூடிய வண்டிக்குள் கண் எரியும். மணப்பாட்டு லாசர் அண்ணாச்சியை வரச் சொன்னேன். முப்பது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்த மனுஷன், என் சிநேகிதர். வந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்.

"பம்பு ஸ்டவ்வு, ரெண்டு பர்னர் உள்ளது. வேற எதையும் நெனைக்காதிய," என்றார். "சுத்திக் கம்பி வேலி கட்டிருங்க, பானை நழுவாது. நாங்க கப்பல்ல அப்பிடித்தான் கட்டுவோம். ஆனா ஓடுற வண்டியில பத்த வைக்கப்பிடாது. கடலு உருட்டத்தான் செய்யும். ரோடு தூக்கில்லா போடும்!"

சிங்க்கைத் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் பிடித்தேன். உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்த எவர்சில்வர் தொட்டி, ஒரு சாண் ஆழம், ஒரு நசுங்கல் கிடையாது. கூரையில் ஒரு டிரம், அதிலிருந்து குழாய். அடுப்புக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, மேலே ஜன்னல். மேடை முழுக்க ஆங்கிள் இரும்பு, நானே வெல்டிங் வைத்தேன். அடுப்பும் சிங்க்கும் ஒரே மட்டம். ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவில் வந்து நின்றது, இம்மி அசையவில்லை. சொல்லக்கூடாது, லாரி பாடி ஆயிரம் கட்டியிருந்தாலும் இப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னைக் கூட்டிவந்து காட்டிய சாயங்காலம் உனக்கும் மறந்திருக்காது. ஏறினாய், மேடைக்கு முன்னால் போய் நின்றாய். அது உன் நெஞ்சுக்கு வந்தது. அடுப்பின் மேல் ஒரு காலிப் பானையைத் தூக்கி வைத்தாய், அதன் வாய் உன் கண்ணுக்கு நேராக நின்றது. எட்டி உள்ளே பார்க்க முயன்றாய். முடியவில்லை.

"என்னத்துக்கு இவ்வளவு ஒசரமா வச்சிருக்கிய?"

"நான் நிக்கதுக்குத்தான். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்ளா. எல்லாம் நான் சமைக்கேன். நீ படுத்துக்கிட்டு வந்தாப் போதும்," என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அட முட்டாளே என்று இப்போது என்னை நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நீ மனம் குளிர்ந்து போவாய் என்று நம்பினேன்.

நீ படுக்கையைப் பார்த்தாய். அடுப்பைப் பார்த்தாய். "நான் என்ன சரக்கா? தூத்துக்குடியில ஏத்தி ராஜமுந்திரியில எறக்குததுக்கு?" என்றாய். இறங்கிப் போய்விட்டாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உனக்காக ஒரு மனிதன் ராப்பகலாகப் பாடுபட்டால் இதுவா மரியாதை என்று பட்டறையே கேட்கும்படி கத்தினேன். மூன்று நாள் நாம் பேசவில்லை. நீ பத்தியச் சோறு சாப்பிட்டாய், நான் வீம்புக்கு ஓட்டலில் சாப்பிட்டேன். எனக்குத்தான் வயிறு கெட்டது.

நான்காம் நாள் நீ பட்டறைக்கு வந்தாய். கையில் ஒரு சாக்பீஸ். சுவரோரம் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினாய், அந்த இடத்தில் ஒரு கோடு. நான்கு விரல் கீழே இறங்கி இன்னொரு கோடு, அதற்கு ஒரு சாண் கீழே மூன்றாவது. வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாய்.

"இது என் முழங்கை. சிங்க்கு இந்த நடுக்கோட்டுல இருக்கணும், குனிஞ்சு கழுவுனா எனக்கு இடுப்பு விட்டுப்போவும். அடுப்பு அடிக்கோட்டுல, பானை வாய்க்குள்ள என்ன கொதிக்குன்னு எனக்குத் தெரியணும். இப்பிடி இருந்தா வாரேன். இல்லாட்டி நீங்களும் லாசர் அண்ணாச்சியும் போய்ட்டு வாங்க."

"ரெண்டும் ஒரே மட்டமா இருந்தாத்தான் பாக்க அழகா இருக்கும்," என்றேன்.

"நான் பாக்கப் போறதில்ல, சமைக்கப் போறேன்."

நானே வைத்த வெல்டிங்கை நானே உளி வைத்து வெட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. நீ ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

மேடை இறங்கியதும் சிங்க் கழிவுக்குழாய் வண்டியின் அடிச்சட்டத்தில் இடித்தது. வளைத்து விடப் பொறுமையில்லாமல் நேராக வண்டித் தரையில் ஓட்டை போட்டு விட்டுவிட்டேன். அந்த லட்சணம் வெள்ளோட்டத்தில் தெரிந்தது. நாசரேத்தில் உன் அக்காவைப் பார்த்துவிட்டுத் தேரிச் செம்மணல் வழியாக மணப்பாட்டுக்கு விட்டோம். அங்கே கதவைத் திறந்தால் அடுப்பு, பானை, படுக்கை, ஊறவைத்த அரிசி எல்லாம் செக்கச் செவேல். பின்சக்கரம் கிளப்பிய தேரி மண் அத்தனையும் அந்தக் குழாய் வழியாக ஏறி சிங்க்கில் பொங்கி வழிந்திருக்கிறது. லாசர் அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். நீ பொத்தவில்லை. டாக்டரைப் பார்த்த நாளுக்குப் பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

அப்புறம் சொன்னாய்: "எங்க பள்ளிக்கூட லேப்புல சிங்க்குக்குக் கீழ குழாய் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். வளைவுல தண்ணி நிக்கும். தண்ணி நின்னா தூசி எப்பிடி மேல வரும்?" அதெல்லாம் எனக்குத் தெரியும் என்று எரிந்து விழுந்தேன். தெரியும்தான், செய்யவில்லை, அவ்வளவே. மறுநாள் வளைத்தேன்.

பொங்கல் கழிந்து புறப்பட்டோம். நீ மெடிக்கல் லீவில் இருந்தாய். ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம் என்று நீ வரைபடத்தில் பிரித்துக் கொடுத்தாய், அதற்கு மேல் ஒரு மைல் ஓட்டவிடவில்லை. நேரத்துக்கு நிறுத்தச் சொன்னாய், நேரத்துக்குச் சமைத்தாய். உப்பு இல்லாத குறை தெரியாமல் இருக்கக் கொத்தமல்லியை வறுத்துப் பொடித்துப் போட்டாய், எலுமிச்சம்பழம் பிழிந்தாய். மூன்றாம் நாள் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "டூல் பாக்ஸுல இருக்கதை ஒளிக்காம எடுத்துச் சாப்பிடுங்க. ஸ்பேனரெல்லாம் நார்த்தங்கா ஊறுகா வாடை அடிக்கி."

ராஜமுந்திரியில் ஆற்றங்கரையாகப் பார்த்து நிறுத்தினேன். நீ இறங்கினாய். தண்ணீர் விளிம்பு வரை நடந்து போனாய். "இத்தனை வருசம் இதை ஒரு கோடுன்னு சொல்லிப் பிள்ளையள ஏமாத்திருக்கேன்," என்றாய். பிறகு மணியைப் பார்த்தாய், உள்ளே ஏறி ஸ்டவ்வுக்குக் காற்றடித்தாய்.

அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. நான் எதிரே படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று உன் தோள் சரிந்தது. கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. நான் எழுந்துவிட்டேன், கரண்டியைப் பிடுங்கக் கை நீட்டிவிட்டேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உக்காருங்க," என்றாய்.

உட்கார்ந்தேன். துறைமுகத்தில் கிரேன் தூக்க மறுத்ததை எல்லாம் நான் தோளில் தூக்கியிருக்கிறேன். அந்த உட்கார்தல் மாதிரி கஷ்டமான ஒரு வேலையை நான் செய்ததில்லை. நீ மூச்சு வாங்கினாய், நின்றாய், பானைக்குள் எட்டிப் பார்த்தாய். சோற்றை வடித்தாய், சுரைக்காயைத் தாளித்தாய். தட்டில் போட்டு என் கையில் கொடுத்தாய். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாய். உன் நெற்றியெல்லாம் வியர்வை. முகம் மட்டும் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகமாக இருந்தது. நான் உன்னைச் சரக்காக ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன். சத்தியமாக அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது பட்டறையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாருடைய வண்டிக்கு ஒரு பலகை அடிப்பதானாலும், அதைப் புழங்கப்போகிற ஆளைக் கூட்டிவா என்கிறேன். உயரம் அவரையே காட்டச் சொல்கிறேன். யாராவது மூட்டையைத் தூக்கத் திணறினால்கூட, "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். அண்ணாச்சிக்கு வயசாயிட்டு என்று என்னைச் சொல்கிறார்கள். ஆகட்டும். கேட்டுவிட்டுச் செய்வது என்ற இந்த ஒன்று நீ எனக்குப் பழக்கிவிட்டுப் போனது. ஆற்றங்கரையில் பாதிதான் பழகினேன். மீதி வீட்டில், உன் கடைசி நாட்களில்.

அப்போது உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்டி உன் வாய்க்கு அருகே போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன். "நான் ஊட்டட்டுமா?" என்று கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்தாய். யோசித்தாய். உண்மையாகவே யோசித்தாய்.

"இன்னைக்கு மட்டும் ஊட்டுங்க," என்றாய்.

மறுநாளும் கேட்டேன். மறுநாளும் "இன்னைக்கு மட்டும்" என்றாய். இப்படி ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் நீ எனக்கு அந்த ஒரு நாளுக்குத்தான் சம்மதம் தந்தாய்.

பத்தாம் நாள் காலையில் வழக்கம்போலக் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தேன். உன்னைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.