உப்பைக் குரைத்த நாள்

சனிக்கிழமை, லூனாஸ்.

என் கணவரின் அக்காவுக்கு இரத்த அழுத்தம். காலையில் குடும்பக் குழுவில் அவருக்கு எழுதினேன்: "அண்ணி, உப்பைக் குரைத்துச் சாப்பிடுங்கள்." குறைத்து என்று எழுதியிருக்க வேண்டும். ஆளாளுக்கு நாய்ப் படம் அனுப்பிச் சிரித்தார்கள். நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள். நாற்பது வயதில் பிழையில்லாத் தமிழ் எழுதப் பழகுகிறேன். அதற்காகவே போனில் திருத்தித் தரும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்று அழுகையே வந்துவிட்டது.

மாலையில் கோலா கெத்திலிலிருந்து அண்ணியே வந்து நின்றார். கையில் ஒரு புது நோட்டு.

"அண்ணி, நீங்க பிழையே விடமாட்டீங்களே. உங்களுக்கு எதுக்கு இது?"

"நான் எங்க எழுதுறேன்? வாயால சொல்லுவேன், போன் எழுதிக்கும் லா. நீதான் வள்ளி சொந்தமா எழுதுற. எனக்கும் சொல்லிக் குடு."

சாப்பாட்டு மேசையில் அகராதியை விரித்து வைத்து, இருவரும் இருபது சொற்கள் எழுதினோம். கடைசியில் அண்ணி என் பெயரை எழுதி ஆசையாக நீட்டினார். வள்ளிக்குப் பதில் வல்லி என்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது திருத்த மனம் வரவில்லை. இருந்தும் திருத்தினேன். அதை மூன்று முறை சரியாக எழுதிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.