நிறுத்தி வைத்த பஸ்

பண்டசோழநல்லூர்,
6 ஜனவரி 2025

அன்பு ரோஸ்லினுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, கொஞ்ச நாளைக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று கிறிஸ்துமஸ் அன்று ஃபாதர் சொன்னார் அல்லவா, அதனால்தான் இந்தக் காகிதம். மெக்கானிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓரத்தில் கிரீஸ் பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

நவம்பரில் நீ உன் அம்மா வீட்டுக்குப் போனது மழைக்காகத்தான் என்று ஊரில் சொல்லிவைத்தேன். மழை விட்டு வெகு நாளாகிறது. இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அன்று என் பைக் தண்ணீரில் நின்றுபோய், நீ வில்லியனூர் பஸ் நிலையத்தில் தனியாக நிற்க நேர்ந்ததற்கு யார் காரணம்? ஏழு மணியோடு பஸ் நின்றுபோகிற ஊரில் பிறந்தது என் தப்பா?

இனி அந்தக் கவலை இல்லை. தனியார் பஸ் முதலாளி பாக்யராஜிடம் நடையாய் நடந்து பேசிவிட்டேன். நெட்டப்பாக்கத்தோடு நிற்கிற அவருடைய கடைசி டிரிப் பொங்கலுக்குப் பிறகு நம் ஊர் வரைக்கும் வரும். வில்லியனூரில் எட்டரைக்குக் கிளம்பும். டவுனில் ஆஸ்பத்திரி வேலை முடித்து வந்தால் உனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். இனி நீ என்ன சாக்குச் சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன்,
அன்புராஜ்

*

ஒதியம்பட்டு,
10 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படிக்கும்போது எங்கம்மா அடுப்படியிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன், அவருக்கு நிம்மதி.

எதற்குச் சிரித்தேன் தெரியுமா? நம் ஊருக்குப் பஸ் ஒழுங்காக வந்தால் யார் பைக் வாங்குவார்கள்? பைக் ஓடாவிட்டால் உங்கள் கடை எப்படி ஓடும்? உங்கள் பிழைப்பில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிடுகிறீர்கள். அதற்காகவே பாதிக் கோபம் போய்விட்டது. மீதி பாதி பத்திரமாக இருக்கிறது.

இங்கே யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதே இல்லை. டவுன் பஸ் ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வருகிறது. ஒரு காலைப் படியில் வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள். நம் ஊரிலோ பஸ் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். "தல வாரிக்கினு இருக்குது, தோ வந்துடும்" என்று யாராவது சொன்னால் டிரைவர் இறங்கிப்போய் டீ குடிப்பார். கல்யாணமான புதிதில் அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! பிறகு லேபில் தினமும் லேட் என்று திட்டு வாங்கியபோதுதான் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது.

சரி, வருகிறேன். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அந்த எட்டரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். அது தினமும் அப்படியே ஓடினால் துணிமணியோடு வந்துவிடுவேன். ஆனால் இனிமேலும் உங்கள் பைக்கின் பின்சீட்டை நம்பி என்னால் வேலை பார்க்க முடியாது. வேலையையும் விட மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தையை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரோஸ்லின்

*

பண்டசோழநல்லூர்,
26 ஜனவரி 2025

ரோஸ்லினுக்கு,

அன்பு என்று எழுத இன்று கை வரவில்லை. நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துவர நான் வில்லியனூருக்கே வந்திருந்தேன். எட்டரை ஆகிவிட்டது, உன்னைக் காணவில்லை. கண்டக்டர் ராமு விசிலை வாயில் வைத்துவிட்டான். நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். உள்ளே இருந்தது முக்கால்வாசி நம் ஊர்க்காரர்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பச்சையப்பன் பெரியப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நம்ம வூட்டுப் பொண்ணு வருது, இருப்பா" என்றார். பின்னால் நின்ற பஸ்காரர்கள் தங்கள் நேரம் போகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். என் சட்டை கிழியாததுதான் குறை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கிறேன், நீ ஓடி வருகிறாய். பஸ்ஸைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ராமுவிடம், "நீங்க போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, திரும்பி ஒதியம்பட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய்.

நேற்று பாக்யராஜ் கூப்பிட்டார். நேரம் தவறியதற்கு மற்ற முதலாளிகள் எல்லோரும் சேர்ந்துகொண்டு அவரைப் பிடித்துவிட்டார்களாம். கடைசி டிரிப் மறுபடியும் நெட்டப்பாக்கத்தோடு சரி. வந்த பஸ்ஸும் போயிற்று, வர வேண்டிய நீயும் வரவில்லை. ஊர் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெண்டாட்டிக்காக ஒரு பஸ்ஸையே நிறுத்தி வைத்தேன். வேறு எந்தப் புருஷன் செய்வான், சொல்.

அன்புராஜ்

*

ஒதியம்பட்டு,
1 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேறு எந்தப் புருஷனும் செய்ய மாட்டான்தான். அதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது.

நான் கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு அவசர கேஸுக்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. போட்டுவிட்டு வர முடியாது. என் வேலை அப்படிப்பட்டது. பஸ் போயிருக்கும், போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நிலையத்துக்கு வந்தேன். வந்து பார்த்தால் நிற்கிறது. உள்ளே நம் ஊர்ச் செல்வகுமாரி காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். யாருக்கும் என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு மறுபடியும் லேட் ஆகும் மாமா, அடிக்கடி ஆகும். எத்தனை தடவை அவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்? வேலைக்குப் போகிற ஒருத்தியால் ஊருக்கே சோறு ஆறிப்போகிறது என்று ஒரு நாள் பேச்சு வரும். அன்று நீங்களே என்னை வேலையை விடச் சொல்வீர்கள்.

எனக்காக நிற்கிற பஸ் எனக்கு வேண்டாம். நான் வராவிட்டாலும் அது நேரத்துக்குப் போக வேண்டும், பின்னாலேயே இன்னொன்று வர வேண்டும். விட்டாலும் பரவாயில்லை என்று இருந்தால்தான் நிம்மதியாக வேலை பார்க்க முடியும். நம் ஊருக்கு இப்போதைக்கு அது வரப்போவதில்லை, உங்களால் முடிந்ததை நீங்கள் செய்துவிட்டீர்கள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். வில்லியனூரில் ரயில்வே கேட் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். எங்கம்மா வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உங்களை வீட்டோடு மாப்பிள்ளை என்று எவரும் சொல்ல முடியாது. காலையில் கூட்டமெல்லாம் டவுனைப் பார்த்து வருகிறது, நம் ஊர்ப் பக்கம் போகிற பஸ் காலியாகத்தான் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஜம்மென்று கடைக்குப் போய்வரலாம். அத்தையும் நம்மோடு வந்தால் எனக்கு சந்தோஷம்.

மாசி பிறந்ததும் நான் குடிபோகிறேன். நீங்கள் வந்தால் அது நம் வீடு, வராவிட்டால் என் வீடு. வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்களை விட்டு இருப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

அன்புடன்,
ரோஸ்லின்

*

பண்டசோழநல்லூர்,
5 பிப்ரவரி 2025

அன்பு ரோஸ்லினுக்கு,

முடியாது. அம்மா இந்த ஊரை விட்டு வெளியே ஒரு ராத்திரி படுத்ததில்லை. அப்பா போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். அவளுக்குத் தனியாகப் பஸ் ஏறத் தெரியாது, எங்கே இறங்குவது என்று தெரியாது. தேர்த் திருவிழாவுக்குக்கூட நான்தான் பைக்கில் கூட்டிப்போகிறேன். நீ கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாய். அவள் அப்படி இல்லை. அவளைத் தனியாக விட்டு வா என்று நீ சொல்லக்கூடாது. இன்னொரு தடவை யோசித்துப் பதில் எழுது.

அன்புராஜ்

*

பண்டசோழநல்லூர்,
20 பிப்ரவரி 2025

என் ரோஸ்லினுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத மாட்டாய் என்றும் தெரியும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய்.

நேற்று காலை கடையிலிருந்து டீ குடிக்க வீட்டுக்கு வந்தால் அம்மாவைக் காணவில்லை. வயலில் இல்லை, கோயிலில் இல்லை. கிணறு குளமெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டேன். சாவி போடாமலே பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறேன், நானெல்லாம் ஒரு மெக்கானிக். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு பை நிறைய முறுக்கோடு நடந்து வருகிறாள். நீ கொடுத்தனுப்பிய முறுக்கு. உனக்குப் புதன்கிழமைதான் விடுமுறை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்துபோய், பெண்களுக்கு டிக்கெட் கேட்காத தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறி, அப்புறம் வில்லியனூருக்கு மாறியிருக்கிறாள். இது முதல் தடவையும் இல்லையாம். சந்தைக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு, சிற்றப்பா வீட்டுக்கு என்று நான் கடையில் இருக்கும்போது போய்வருவது அவளுக்கு வழக்கமாம். பிறகு என்னுடன் பைக்கில் ஏன் வந்தாய் என்றால், நான் ஆசையாகக் கூப்பிட்டேனாம், மறுத்தால் மனசு நோகுமாம்.

சொல்லாமல் ஏன் போனாய் என்று கத்திவிட்டேன். அம்மா பையைக் கீழே வைத்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்: "நான் ஒத்தையில இருந்துக்குவன்டா. நீதான் என்னைய சாக்கு வச்சிக்கினு பயந்துக்கினு இருக்குற. பொண்டாட்டிகிட்ட போறதுக்கு இன்னாடா பயம்?"

ராத்திரி முழுக்க யோசித்தேன். பயம்தான். அங்கே எல்லாம் உனக்குத் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே என்றால் நான் உன்னை ஏற்றி இறக்குகிறவன். அங்கே நீ யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, எனக்காகவும்தான். அதற்குத்தான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன். அம்மா இங்கேயே இருப்பாளாம், தோன்றுகிறபோது அங்கே வருவாளாம். தினமும் கடையை மூடிவிட்டு அவளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பாத்திர மூட்டையும் கட்டில் பலகையும் பைக்கில் ஏறாது, அதனால் பஸ்ஸில்தான் வருகிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை ரோஸ்லின்.

எத்தனை மணிக்கு வந்து சேருவேன் என்று சொல்ல முடியாது. நிலையத்தில் வந்து நிற்காதே, உன் வேலையைப் பார். ஒன்றை விட்டால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.

உன்,
அன்புராஜ்